பயிற்சி, படுக்கை, முதுமை: தசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வயதானவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள், நாற்பதைத் தாண்டி முதல்முறையாக ஜிம் பக்கம் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நடைப்பயிற்சி பற்றியும் படுக்கை ஓய்வு பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். நம் வீடுகளில் அந்த இரண்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

உடற்பயிற்சி செய்தால் புதிய தசை இழைகள் முளைக்கின்றனவா?

கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இருக்கிற இழைகள்தான் தடிக்கின்றன. ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின், மையோசின் என்ற இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் தசை சுருங்குகிறது. பழக்கமில்லாத பாரம் வந்தால் இழை அந்த இழுவிசையை உணர்ந்து, இந்தப் புரதங்களைக் கூடுதலாகக் கட்டத் தொடங்கும். நல்ல பயிற்சி ஒன்றை முடித்தபின் ஒன்றிரண்டு நாள் வரை இந்த வேலை நடக்கும். அதனால்தான் ஒரே தசைக்குத் தினமும் கடுமையான வேலை கொடுக்க வேண்டாம் என்கிறோம். வளர்ச்சி நடப்பது இடைப்பட்ட நாட்களிலும் தூக்கத்திலும்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. 1961-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் மவ்ரோ என்ற ஆய்வாளர் தவளைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு செல்களைக் கண்டார். சாட்டிலைட் செல்கள் என்று பெயர். சாதாரண நாட்களில் சும்மா கிடக்கும் இவை, தசைக்குக் காயமோ கடும் வேலையோ வந்தால் விழித்துப் பெருகி, இழையோடு சேர்ந்து தங்கள் உட்கருவை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. புரதம் கட்டுவதற்கான உத்தரவு உட்கருவிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே உட்கரு கூடினால் இழை இன்னும் பெரிதாக வழி பிறக்கிறது.

மூன்று வாரமாக ஜிம்முக்குப் போகிறேன். முன்பைவிட எடை தூக்க முடிகிறது, ஆனால் கை அளவு மாறவே இல்லை. ஏதாவது தவறா?

ஒரு தவறும் இல்லை. முதலில் கற்றுக்கொள்வது நரம்பு. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் உபயம் என்று 1979-லேயே மோரிடானி, டிவ்ரீஸ் இருவரும் அளந்து காட்டினார்கள். ஒரே சமயத்தில் அதிக இழைகளை எழுப்பவும், எதிர்த் தசையைத் தளர்த்தவும் மூளையும் தண்டுவடமும் பழகிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற பருமன் வர எட்டு, பத்து வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் டேப்பை வைத்து அளந்து பார்த்து மனம் விட்டுப்போகிறவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

மறுநாள் உடம்பு வலிப்பது லாக்டிக் அமிலத்தாலா?

இல்லை. பயிற்சியின்போது சேரும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விடும். வலியோ மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும். பாரத்தோடு தசை நீளும்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் அழற்சியும்தான் காரணம். மலை ஏறியதைவிட இறங்கியது அதிகம் வலிப்பது இதனால்தான். அதே வேலையை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது, தசை அதற்குள் பழகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உடைந்த தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வயதான காலத்தில் அது போதாதா?

இதயத்துக்கும் மனதுக்கும் சர்க்கரைக்கும் நடை மிக நல்லது. விடாமல் நடங்கள். தசைக்குள்ளும் அது வேலை செய்கிறது. ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதை 1967-ல் ஜான் ஹாலோசி காட்டினார். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் அவை. இழைகளைச் சுற்றிய நுண் ரத்தக்குழாய்களும் பெருகுகின்றன. படியேறும்போது மூச்சு வாங்குவது குறைவதற்கு இவையெல்லாம் காரணம்.

ஆனால் காலின் பலத்துக்கு நடை மட்டும் போதாது. ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

நம் தசைகளில் இரண்டு விதமான இழைகள் கலந்திருக்கின்றன. மெதுவாகச் சுருங்கி, சோர்வில்லாமல் மணிக்கணக்கில் உழைப்பவை ஒரு வகை. வேகமாகவும் வலுவாகவும் சுருங்கி, சீக்கிரம் களைத்துப்போகிறவை இன்னொரு வகை. இவற்றை நரம்பு எழுப்புவதில் ஒரு வரிசை உண்டு. ஹார்வர்டில் எல்வுட் ஹென்மன் 1950, 60களில் கண்டறிந்தது இது: இலேசான வேலைக்குச் சிறிய நரம்பு செல்களும் அவற்றின் மெதுவான இழைகளும் மட்டும் எழும். வேலை கடினமாகக் கடினமாகத்தான் பெரிய நரம்பு செல்களும் வேகமான இழைகளும் கூப்பிடப்படும். சமதரையில் பேசிக்கொண்டே நடக்கும்போது அந்த வேகமான இழைகளில் பெரும்பகுதிக்கு வேலையே வருவதில்லை.

முதுமையில் அதிகம் மெலிவதும் குறைவதும் அதே வேகமான இழைகள்தான். குளியலறையில் கால் வழுக்கும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்து விழாமல் பிடித்துக்கொள்ள அவைதான் வேண்டும். டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏறவும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டு எழவும் அவை வேண்டும். பத்து வருடமாக நடையைத் தவறவிடாதவர்கூட நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழத் திணறுவதைப் பார்க்கலாம். அவர் சோம்பேறி இல்லை. அந்த இழைகளிடம் யாரும் வேலை கேட்கவில்லை, அவ்வளவுதான். நடையோடு சேர்த்து, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குக் கடினமான வேலை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்து வாரம் மூன்று நாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாகிவிட்டது. பழையபடி வருமா?

வரும். பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். தோல் உரிந்து, தொடை தளர்ந்து, முழங்காலுக்கு மேலே உள்பக்கத்தில் திரண்டு நிற்க வேண்டிய சதை இருந்த இடமே தெரியாமல் இருக்கும். முழங்காலை நீட்டுங்கள் என்றால் நீட்ட மனம் இருக்கும், தசை மட்டும் கேட்காது.

ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலுக்குக் கட்டுப் போட்டு நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். ஐந்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 3.5 சதவீதம் குறைந்தது, பலம் 9 சதவீதம் போனது. இரண்டு வாரத்தில் பரப்பில் 8 சதவீதமும் பலத்தில் 23 சதவீதமும் போயின. பருமனைவிடப் பலம் வேகமாகப் போவதைக் கவனியுங்கள். தசை மெலிவதோடு, அதை எழுப்பும் நரம்பின் பழக்கமும் விட்டுப்போகிறது. அசையாத தசையில் புதிய புரதம் கட்டும் வேலை குறைந்துவிடுவதுதான் மெலிவுக்கு முக்கியக் காரணம்.

கட்டு இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல்ல காலுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சியால் மறுபக்கத்துக்கும் ஓரளவு பலம் கூடும். 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள். அது கட்டுப் போட்ட காலின் தசையைப் பெருக்காது, நரம்பின் தொடர்பை விட்டுவிடாமல் காப்பாற்றும். மூட்டை அசைக்காமல் தொடையை மட்டும் இறுக்கித் தளர்த்துவதும் உதவும். ஆனால் எலும்பு எங்கே, எப்படி முறிந்தது என்பதைப் பொறுத்தது அது. உங்கள் மருத்துவரிடமோ பிசியோவிடமோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவரால் இப்போது நடக்கவே முடியவில்லை. காய்ச்சல் போய்விட்டதே, ஏன்?

படுக்கைதான் காரணம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறுவதில்லை.

1966-ல் டல்லஸ் நகரில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையில் வைத்தார்கள். உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை ஐம்பது வயதில் மறுபடி சோதித்தபோது, அந்த முப்பது வருடங்கள் குறைத்ததைவிட இளமையில் படுத்த மூன்று வாரம் அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. பிறகு ஆறு மாதப் பயிற்சியில் 20 வயதில் இருந்த அளவுக்கே திரும்ப வந்தார்கள்.

இவர்கள் இளைஞர்கள். வயதானவர்கள் இழப்பது இன்னும் அதிகம். சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாதவர்களைப் பத்து நாள் படுக்கவைத்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. முழங்காலை நீட்டும் பலம் சுமார் 16 சதவீதம் குறைந்தது. இதோடு காய்ச்சலும், வாய்க்குப் பிடிக்காத சாப்பாடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது அது துணிச்சலான காரியம். இன்று பெரும்பாலான ஆபரேஷன்களுக்குப் பிறகு மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் மட்டும் பாசம் குறுக்கே வந்துவிடுகிறது. 'நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா, நாங்க கொண்டாந்து தர்றோம்' என்று சாப்பாடு, தண்ணீர், செய்தித்தாள் எல்லாம் கட்டிலுக்கே போகிறது. மருத்துவர் தடுக்காத வரைக்கும் சாப்பிட மேஜைக்கு வரட்டும். கழிவறைக்குக் கையைப் பிடித்துக்கொண்டாவது நடக்கட்டும். நாளில் பத்துத் தடவை கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து நின்று உட்காரட்டும். எழவே முடியாதவர் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம், முழங்காலை மெத்தையில் அழுத்தலாம். அப்பாவுக்கு இப்போது வேண்டியது இன்னும் ஓய்வு இல்லை. இன்றே ஒரு பிசியோவைப் பாருங்கள்.

வயதானால் தசை ஏன் குறைகிறது?

முப்பதுகளிலேயே மெதுவாகத் தொடங்கிவிடும். ஐம்பதுக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்பது பொதுவான கணக்கு. பலம் அதைவிட வேகமாகக் குறையும். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக இறப்பது இதில் பெரிய காரணம். நரம்பை இழந்த இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்கிறது. தத்தெடுப்பது பெரும்பாலும் மெதுவான இழைகளின் நரம்பு என்பதால், வேகமான இழைகளும் மெதுவானவையாக மாறிவிடுகின்றன. யாரும் எடுத்துக்கொள்ளாதவை அழிந்துபோகும். இதோடு ஹார்மோன்கள் குறைகின்றன. சாப்பிட்ட புரதத்தைக் கொண்டு தசை கட்டும் திறனும் மந்தமாகிறது. இந்தத் தேய்வுக்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண் கிடைத்தது 2016-ல்தான். அதுவரை எல்லாரும் 'வயசாயிருச்சு' என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

எண்பது, தொண்ணூறு வயதில் தொடங்கினால் பலன் உண்டா?

உண்டு. இதற்கு நான் எப்போதும் சொல்வது பாஸ்டன் முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோனே நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வு. 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேர், எல்லாரும் நலிந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம், முழங்காலை நீட்டித் தூக்கும் எடைப் பயிற்சி. தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள், ஒப்புக்குச் செய்த பயிற்சி இல்லை. முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருகியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் பலத்தில் 32 சதவீதம் குறைந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எந்த வயதிலும் தசை கொடுத்த வேலைக்குப் பதில் சொல்லும், வேலையை நிறுத்தினாலும் பதில் சொல்லும்.

வீட்டிலேயே எப்படித் தொடங்குவது?

ஒரே ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், ஆகவே கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். பெரும்பாலானவர்கள் சாயாமலேயே எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். உட்காரும்போது தொப்பென்று உட்காராமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். பாதி பலன் அந்த இறக்கத்தில் இருக்கிறது. எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

எட்டு முதல் பத்துத் தடவை, இடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி, மொத்தம் மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால் அளவு சரி. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் வேலையைக் கூட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலையோ ஒரு கிலோ அரிசிப் பையையோ மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது தாழ்ந்த இருக்கைக்கு மாறுங்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் முழங்காலைத் தேற்றிய தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்ததும் இதுதான்: பலம் கூடக் கூட எடையையும் கூட்டு. நம் ஊர் பஸ்கியும் தண்டாலும் இதே வேலையைச் செய்பவைதான், முழங்கால் ஒத்துழைத்தால் தாராளமாகச் செய்யலாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்திய ஆபரேஷன் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

புரதம். இந்தியப் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி பாலில் பிசைந்த சோறு என்று சாப்பிடுகிறவர் பாதியைக்கூட எட்டமாட்டார். சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பவுடர் டப்பா மட்டும் வாங்கிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1994-ல் அதே பாஸ்டன் குழு நூறு பேரிடம் சோதித்தபோது பயிற்சி பலத்தைக் கூட்டியது, சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குக் கூடவில்லை.

ஜிம்மை நிறுத்தினால் தசை கொழுப்பாகிவிடுமா?

ஆகாது. இரண்டும் வேறு வேறு செல்கள். தசை மெலியும். சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் கொழுப்பு தனியாகச் சேரும். நல்ல செய்தியும் உண்டு: இழந்ததைத் திரும்பப் பெறுவது முதல்முறையைவிடச் சுலபம். வளர்ச்சியின்போது சேர்ந்த உட்கருக்கள் தசை மெலிந்த பிறகும் எலிகளில் தங்கியிருந்ததை 2010-ல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சர்க்கரை நோய்க்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

சாப்பிட்ட குளுக்கோஸை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெரிய இடம் தசை. அது சிறுத்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. அதோடு, வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். எடை ஒன்றாகவே இருந்தாலும் ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். பிறக்கும்போதே இப்படித்தான் என்று புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழந்தைகளை அளந்து காட்டியிருக்கிறார். ஆகவே ஒல்லியாக இருப்பவர்களும் எடைப் பயிற்சி செய்ய வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடுமா?

ஏறாது. தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு தசையும் எலும்பும் சேர்ந்தே தேய்வதால் அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை.

தசை குறைந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவு. அதே குழு கைப்பிடி பலம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு என்கிறது. அதை அளக்கும் கருவி மருத்துவமனையில் இருக்கும். நடையில் விநாடிக்கு ஒரு மீட்டரைக்கூடக் கடக்க முடியவில்லை என்றாலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாப் பலவீனத்தையும் வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். திடீரென்று ஒரு பக்கக் கை கால் மட்டும் ஓய்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சில வாரங்களுக்குள் பலம் வேகமாகக் குறைந்தாலும், விழுங்கவோ பேசவோ சிரமப்பட்டாலும், புது மாத்திரை தொடங்கியபின் தசை வலித்தாலும் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, வைட்டமின் டி குறைபாடு, கொலஸ்ட்ரால் மாத்திரையின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. அவற்றில் பலவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம்.